கோலத்துக்குப் போன பரங்கிப்பூ

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அண்ணிக்குக் குழந்தையில்லை. எதிர்வீட்டு அத்தை மாதம் ஒரு முறை ஒரு டம்ளர் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து, அண்ணி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். கசப்பில் அண்ணியின் கண் கலங்கும். அண்ணனோ வாசலில் வலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவன் போல் உட்கார்ந்திருப்பான்.

அண்ணி நெல் விளையும் ஊரிலிருந்து எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சும்மா இருக்கத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கிடந்த டச்சுக்காரன் காலத்துச் செங்கற்களை அடுக்கிப் பாத்தி கட்டி, மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிப் பரங்கிக்கொடி வளர்த்தாள். உப்பு மணலில் கொடி எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் சிரித்தோம். அது கூரைமேல் ஏறிப் பூத்தது.

பூத்ததோடு சரி. பிஞ்சு வரும், மஞ்சளாகும், உதிரும். அத்தை ஒருநாள் கொடியைப் பார்த்துவிட்டு, "இவ கைக்கு மண்ணுலயும் நிக்கல, வயித்துலயும் நிக்கல" என்றாள். அண்ணி உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். அத்தை மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தப் பிஞ்சுகளைக் கொன்றவள் நான்.

அது மார்கழி. தெருவிலேயே பெரிய கோலம் என்னுடையதாக இருக்கவேண்டும் எனக்கு. விடியும்போதே கொடியில் பூப்பறித்துச் சாண உருண்டையில் செருகிவிடுவேன். அண்ணி மேல் இருந்த பாசத்தில், அடியில் பிஞ்சு ஒட்டியிருக்கும் பூவைத் தொடமாட்டேன். வெறும் காம்போடு நிற்கும் பூக்களை மட்டும் ஒன்று விடாமல் பறிப்பேன். காய்க்காத பூ இருந்தென்ன, போயென்ன என்று நினைப்பு.

இத்தனைக்கும் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வுக்காகக் கருவுறுதல் படத்தை மூன்றாவது முறையாக வரைந்துகொண்டிருந்தேன். மகரந்தத்தூள் சூல்முடியில் ஒட்டும். அதிலிருந்து ஒரு குழாய் முளைத்துச் சூல்பைக்குள் இறங்கும். அதில் வரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும், இன்னொன்றால் அந்தக் கருவுக்குச் சாப்பாடு உருவாகும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு தூள் வேண்டும். எல்லாம் மனப்பாடம். படத்தில் 'மகரந்தம்' என்று எழுதும்போதுதான் என் விரலைப் பார்த்தேன். காலையில் பறித்த பூவின் மஞ்சள் தூள் நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

அண்ணியிடம் ஓடினேன். "அண்ணி, உங்க கையில ஒரு குத்தமும் இல்ல. ஆம்பளப் பூவையெல்லாம் நான்தான் பறிச்சுட்டேன். வண்டு வர்றதுக்குள்ள பறிச்சுட்டேன்."

திட்டு விழும் என்று நின்றேன். "காய்க்கறதுக்கு அதுவும் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை கோலம் பூவில்லாமல் கிடந்தது. நாங்கள் ஆண்பூவின் இதழ்களைக் கிழித்தெறிந்து, மகரந்தத் தண்டைப் பிஞ்சுப் பூவுக்குள் தடவினோம். இரண்டு பேருக்கும் வெட்கம் தாங்கவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஒரு வாரத்தில் இரண்டு பிஞ்சுகள் முஷ்டி அளவுக்கு வந்துவிட்டன. அண்ணி அவற்றைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆஸ்பத்திரில என்னைத்தான் மூணு வாட்டி பாத்தாங்க, நாத்தனாரே. இந்தப் பாடத்த உங்க அண்ணனாண்டயும் கொஞ்சம் சொல்றியா?"

நோட்டை விரித்து வைத்துச் சொன்னேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூர் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று இருவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அத்தை வழக்கம்போல் டம்ளரோடு வந்தாள். அண்ணி கையை நீட்டுவதற்குள் அண்ணன் வலையை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தான். டம்ளரை வாங்கிப் பாதியைக் குடித்தான். அவன் கண்ணும் கலங்கியது.

"இன்னா அத்த, இம்மாங் கசப்பு?" என்றான். "இனிமே ரெண்டு டம்ளரா கொண்டா."