தமிழில் வந்த ஃபார்ம் 16

காலையில் தமிழில் ஒரு மெயில்.

‘மேடம், சால்ட் லேக்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நம்ம ஊர்க்காரர் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தால் நிம்மதி. ஃபார்ம் 16 இணைத்திருக்கிறேன்.’

வங்காளத்தில், இந்த பெஹாலாவில் பல வருடமாக வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிறேன். இங்குள்ள தமிழ் வீட்டுப் பிள்ளைகள்கூட எனக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். ‘நம்ம ஊர்’ என்றதும் உருகிவிட்டேன்.

ஃபைலைத் திறக்க என் மெயில் பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் எதிர் ஃப்ளாட் மீதா கதவைத் தட்டினாள். அவளுக்கும் நான்தான் ரிட்டர்ன் போடுகிறேன்.

“தீதி, ரீஃபண்ட் வேணும்னா லிங்க்கை அழுத்துங்கன்னு உங்க மெயில் வந்திருக்கு. எந்த லிங்க்கையும் தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் கேட்டுக்கலாம்னு வந்தேன்” என்றாள் பெங்காலியில்.

“தொடாதே. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு” என்றேன்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். மற்ற எல்லோருக்கும் போன் செய்து, நான் ஏமாந்ததைச் சொல்லி, மெயிலை அழிக்கச் சொல்லிவிட்டேன். மீதாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

உங்களில் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவதற்குள் நானே போய் எதிர்க் கதவைத் தட்டிவிடட்டுமா?