ஆலையில் உலர்ந்த கடிதங்கள்

அம்மாவின் காரியம் முடித்துக் குன்னூரில் நிற்கிறேன். விலைச் சரிவால் மூடிக்கிடந்த ஆலையில் இன்று மீண்டும் தேயிலை உலர்த்துகிறார்கள். இதே வாசனை என் தாய்மாமனின் கடிதங்களிலும் இருந்தது. போர்முனையிலிருந்து வரும் அவை மழையில் நனைந்துவிடும். ஆலைத் தொழிலாளியான அப்பா உலர்த்தும் அறையின் சூட்டில் காயவைத்துக் கொண்டுவருவார். "அக்கா, இங்க தர்ற டீய நம்மூரு எருமைகூடக் குடிக்காது" என்று மாமா எழுதியதைக் கேட்டு அம்மா சிரிப்பார்.

மாமா இறந்துவிட்டதாகத் தந்தி வந்த மறுவாரம், அவர் முன்பே அனுப்பியிருந்த கடிதம் வந்தது. அப்பா காயவைத்துப் பிரிக்கப் போனார்.

"பிரிக்காதீங்க," என்றார் அம்மா. "படிச்சுட்டா, அப்பறம் அவங்கிட்டருந்து ஒண்ணும் வராதுங்க."

அப்பா நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தபடி அம்மாவே சொன்னார்: "பையன் படிக்கிறானான்னுதான் கேட்டிருப்பான். படிக்கிறான்னு எழுதிப்போடுங்க."

அப்பா வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு' என்று தொடங்கினார்.