வீட்டுக்கு அறுபத்தேழு தப்படி

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று, வாத்தியார் பெயர்ப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்போம்? கொஞ்ச நாளுக்கு முன்தான், விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில், கங்காணி அப்படித்தான் பெயர் படித்தார். பெயருக்குக் குரல் கொடுத்தவர்களை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் முன்னாலேயே காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களிலும் பலர் பெயர் கேட்டு மூச்சு விடவில்லை. என் அப்பாவோ "இருக்கேன் சாமி" என்றார். ஆயுசு முழுக்கப் பெரட்டில் நின்று பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. அந்த இரண்டு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வாத்தியார் புரிந்துகொண்டார். மறுநாள் பெயர்ப் புத்தகத்தைக் காணோம். "பேரு வேணாம். உள்ள வரும்போது ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டாங்க. அது போதும்," என்றார்.

பெரியவர்களைக் கேள்வி கேட்டால் திமிர் என்று அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் வாரம் திருதிருவென்று விழித்தோம். அப்புறம், அடேயப்பா! மரவள்ளி இலையைத் தின்ற ஆடு ஏன் செத்தது? காலையில் பாடச் சொல்லும் ஜப்பான் பாட்டுக்கு என்ன அர்த்தம்? அவர் லேசில் பதில் சொல்லமாட்டார். "வாங்க, பாப்போம்" என்று எங்களையே கிளப்பிவிடுவார். சிலேட்டு இல்லை, புத்தகம் இல்லை, வயிற்றில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் காலை நேரங்களுக்காக இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.

ஒரு நாள் நான் கேட்டேன்: "சயாம்லேர்ந்து நடந்து வந்தா எத்தன நாளாகும் ஐயா?"

ஒரு குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தார். "தூரம் ஆயிரம் மைலுன்னு வெச்சுக்குவோம். உங்கப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பாரு? நீங்களே கண்டுபுடிங்க."

வகுப்பே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. எங்கள் தோட்டத்திலிருந்து ரஹாங் கடைத்தெரு ஏழரை மைல். அப்பா காலையில் கிளம்பினால் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். ஆக, பதினைந்து மைல். மண்ணில் குச்சியால் எழுதி வகுத்தோம். அறுபத்தாறு போக மீதி நின்றது. மீதியை ஒரு நாளாக்கினோம். நாளுக்கு ஒரு தப்படி என்று எங்கள் வீட்டு வாசலிலிருந்து அளந்துகொண்டே போனோம். அறுபத்தேழாவது தப்படி மரவள்ளிப் பாத்தியில் விழுந்தது. அங்கே ஒரு குச்சியை நட்டோம். "அதான்லா சயாம்!" என்றான் ஒருத்தன். இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறார் அப்பா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்த நாளிலிருந்து, அந்தக் குச்சியைத் தினமும் ஒரு தப்படி வீட்டுப் பக்கம் நகர்த்தினேன். அப்பா கிளம்பிவிட்டார், நடந்து வருகிறார். மொத்த வகுப்பும் என் பின்னாலேயே வரும். அறுபத்தேழாம் நாள் குச்சி வாசலுக்கு வந்தது. அம்மா எங்கிருந்தோ ஒரு பிடி அரிசி வாங்கி வந்து சோறு வடித்தாள். அப்பா வரவில்லை.

மறுநாள் பள்ளியில் நான் உம்மென்று இருந்தேன். மற்றவர்கள் விடுவார்களா?

"ஆத்துல வெள்ளம் வந்திருந்தா? அஞ்சு நாள் சேரு."

"காய்ச்ச கண்டிருந்தா? பத்து நாள்."

"வழியில யாருக்காச்சும் ஒத்தாசைக்கு நின்னிருப்பாரு. மூணு நாள்."

குச்சி திரும்பவும் பின்னால் போனது. அந்த நாட்கள் தீர்வதற்குள், பக்கத்து லயத்து வீட்டு மாமா ஒருவர் எலும்பும் தோலுமாகச் சயாமிலிருந்து வந்து சேர்ந்தார். ஓடிப்போய், "எத்தன நாள் நடந்தீங்க மாமா?" என்றேன்.

"நடக்கிறதா? ரயில்ல ஏத்தி விட்டாங்க புள்ள. அஞ்சாறு நாள்தான். நம்ம தோட்டத்து ஆளுங்க இருந்த கேம்புல உசுரோட இருந்தவங்க அத்தன பேரையும் ஏத்தியாச்சு." சொன்ன பிறகுதான் நான் யார் மகள் என்பது நினைவுக்கு வந்தது போலும், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நேரே வாத்தியாரிடம் போனேன். "உங்க கணக்கு தப்பு!" என்று கத்தினேன். அவர் நாற்காலியை விட்டு இறங்கி, எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

"தப்புதாம்மா. இதுக்கு எனக்குப் பதில் தெரியல," என்றார்.

இன்னும் எண்ணவே சரியாக வராத ஒரு குட்டிப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ரயிலு கெட்டுப் போயிருந்தா? ரெண்டு நாள் சேத்துக்கக்கா."

சேர்த்துக்கொண்டேன். எண்பது வயதுக்கு மேலாகிறது எனக்கு. வெளியே ஆள் நிழல் ஆடினால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.