முப்பத்தைந்து நிமிஷத் தூரம்

முப்பத்தைந்து நிமிஷமாம்! மலைமேல் இருக்கும் எங்கள் லோங் செமாவிலிருந்து கடலோர டவுன் ஆஸ்பத்திரிக்கு நூற்றிருபது கிலோமீட்டர், விமானத்தில் முப்பத்தைந்து நிமிஷம். அதனால் எங்கள் ஊருக்கு நர்ஸ் தேவையில்லையாம். டவுனில் ஏசி அறையில் உட்கார்ந்து எவனோ எழுதிய கடிதம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் வெட்டும் கம்பெனி போட்ட மண்ரோட்டில் அதே டவுனுக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். வெயில் நாளில் பதினாலு மணி நேரம். மழை நாளைக் கேட்காதீர்கள்.

எங்கள் ஓடுதளத்தில் இருபத்திரண்டு வருஷமாக எல்லாமே சுபாங் அக்காதான். ஆளையும் மூட்டையையும் எடை போடுவாள், மேயவந்த எருமையை விரட்டுவாள், வயர்லெஸ்ஸில் பைலட்டுக்கு வானம் எப்படி என்று சொல்லுவாள். எதிர்க்குன்றின் உச்சி தெரிந்தால் வா, தெரியாவிட்டால் வராதே. வாரத்துக்கு இரண்டே விமானம். அதிலும் பாதி நாள் உச்சி தெரியாது. மாசம் ஏறிய கர்ப்பிணியை ஏற்றவும் மாட்டார்கள். அக்கா மகள் புலானுக்கு அப்போது எட்டாம் மாசம். நர்ஸும் போய்விட்டால் அவள் கதி?

கிளினிக்கைப் பூட்ட ஒரு அதிகாரி வந்து இறங்கினார். அந்த விமானம் அடுத்த ஊருக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பும், அதில் ஏறிவிடுவாராம். மழை பிடித்துக்கொண்டது. குன்றே காணோம்.

"தெளிவா இருக்குன்னு சொல்லும்மா, பைலட் பாத்துப்பாரு."

"சொல்லிரலாம் சார். அப்புறம் குன்றுல மோதி நேரா மேலோகம்தான். அது டவுனைவிடக் கிட்ட."

என் பக்கம் திரும்பினார். "நீ ரோட்டுல கூட்டிட்டுப் போப்பா."

"கட்டைப்பாலம் ஆத்தோட போயிருச்சு சார்."

நாலு நாள். அக்கா வீட்டில் இலையில் பொதிந்த குழைசாதமும் காட்டுக்கீரையும் தின்றார். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து விடிய விடியப் பார்த்துக்கொண்டது யார்? அவர் துரத்த வந்த அதே நர்ஸ்தான்!

ஐந்தாம் நாள் உச்சி தெரிந்தது, விமானம் வந்தது. ஏறும் முன் கிளினிக்கை மூடும் ஃபாரத்தை அக்காவிடம் நீட்டி, ஊர் சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டார். எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி போகும் நேரம்: முப்பத்தைந்து நிமிஷம். அடப்பாவி! உண்ட வீட்டுக்கே இப்படியா?

"என்ன சார் இது?" என்றாள் அக்கா.

"பறக்குற நேரத்தைத்தான்மா போடச் சொல்லியிருக்கு. நான் என்ன பண்ண?"

அக்கா கத்தவில்லை. பேனாவை வாங்கி அதை அடித்தாள். 'நாலு நாள், முப்பத்தைந்து நிமிஷம்' என்று கட்டத்தைத் தாண்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஐயோ, இதை எப்படிம்மா மேல அனுப்புவேன்?"

"பக்கத்துல நீங்களும் போடுங்க சார். கிடந்தது நீங்கதானே?"

"முடியாதுன்னா?"

"அவசரமில்லை, யோசிச்சே போடுங்க. மேகம் ஏறுது பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பைலட்டே கிளம்ப மாட்டாரு."

குன்றைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். போட்டுவிட்டு ஓடினார்.

நர்ஸை ஊரைவிட்டு எடுக்கவில்லை. மறுமாசம் அவள் கையில்தான் புலானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த ஃபாரத்தைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் மாட்டிக்கொண்டு கிடந்தோமே, அதை எவன் எழுதினான்?