சிஞ்ஞோராவின் தம்பி எழுதிய கடிதங்கள்

காய்ந்த மண்டரின் தோடம்பழத் தோலின் மணம் இன்று சந்தையில் முகத்தில் அடித்ததும், தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில் அம்மா வேலைசெய்த வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். பூச்சி அரிக்காமலிருக்க அந்தத் தோலைப் போட்டுத்தான் நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட வயதான வீட்டுக்கார அம்மா தன் தம்பியின் கடிதங்களைப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகள் பிடித்துக்கொண்டுபோன தம்பி, முகாமிலிருந்து எழுதியவை. அவன் திரும்பி வரவேயில்லை. சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கியதால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் வாசித்துக்காட்டுவேன். ஒவ்வொரு கடிதமும் நலமாக இருக்கிறேன் என்று தொடங்கி, ரொட்டி அனுப்பச் சொல்லி முடியும், நடுவில் அம்மா தரை துடைக்கிற ஓசை மட்டும் கேட்கும்.

சிஞ்ஞோரா செத்த கிழமை, வீட்டை விற்க வந்த மருமகன் அந்தப் பெட்டியை அம்மாவிடம் நீட்டி, குப்பையில் போடச் சொன்னான்.

"அம்மா, நாங்கள் வச்சிருப்பம்," என்றேன்.

"யாழ்ப்பாணத்திலை எங்கடை வீட்டுப் படங்களையே விட்டிட்டு ஓடிவந்தனாங்கள். ஆரோ ஒருத்தன்ரை கடிதம் எங்களுக்கு ஏன்? பேசாமல் வா."

தெருமுனைத் தொட்டியில் அம்மா அதைப் போட்டார். கையை நீட்டியிருந்தால் எனக்கு எட்டியிருக்கும். நான் நீட்டவில்லை. எத்தனையோ தடவை வாய்விட்டு வாசித்த அவனுடைய பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை.