யார் கத்துகிறார்கள், பார்ப்போம்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். கிளினிக்குகள் சார்பில் நோயாளிகளுக்கு 'நாளை டாக்டரைப் பார்க்க வாருங்கள்' என்று ஞாபகப்படுத்தும் மென்பொருள் சேவை ஒன்றை மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் உட்கார்ந்து பராமரிக்கிறோம். சேவை ஒன்றுதான், அதற்குள் 'இவர்களுக்கு மட்டும் இப்படி' என்று எழுதிவைத்த சுவிட்சுகள் எக்கச்சக்கம். ஒரு கிளினிக்குக்கு மலாய் மொழியில் மெசேஜ் வேண்டும், இன்னொன்றுக்கு வெள்ளிக்கிழமை அனுப்பக்கூடாது. வைத்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எதை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய சுவிட்சுகளைக் கழிக்க வேண்டும். அதற்கு எங்களிடம் உயர்ந்த விஞ்ஞான முறை ஒன்று உண்டு. நிறுத்திவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்போம். ஒரு மாதம் யாரும் கத்தாவிட்டால் அழித்துவிடுவோம்.

அப்படி நான் நிறுத்தியவற்றில் ஒன்று, வீட்டு போனில் கூப்பிட்டுத் தமிழில் பேசும் பதிவுக் குரல். இந்தக் காலத்தில் எவன் வீட்டு போன் வைத்திருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேதான் நிறுத்தினேன். ஒரு மாதம் கப்சிப். "ஒருத்தர்கூட கத்தல லா, பாஸ்!" என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். சர்க்கரையால் கெட்ட இடது கண்ணுக்கு அவருக்கு மாதாமாதம் ஊசி.

"ஊசிக்குப் போனீங்களாம்மா?"

"அந்தப் பொண்ணு போன் பண்ணலையே. மாசாமாசம் மறக்காம கூப்பிடும், தங்கமான பொண்ணு. கல்யாணமாகிப் போயிருக்கும் லா. புதுசா வர்றவ கூப்பிடட்டும்னு இருந்தேன்."

அந்தப் பொண்ணைப் பற்றி அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கைப்பேசியைப் பார்த்தபடி 'ம்ம்' போட்டிருக்கிறேன். இப்போது மூலையிலிருந்த வீட்டு போனைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ வேலையா இருப்பே. இதுக்குப் போயி உன்னத் தொந்தரவு பண்ணுவாங்களா?"

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, நல்லவேளையாக இன்னும் அழிக்காமல் வைத்திருந்த அந்தக் குரலின் சுவிட்சை மீண்டும் போட்டேன். மறுநாள் லீவு எடுத்து அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஊசியை இப்போது போடலாம், ஆனால் இந்த இடைவெளியில் போன பார்வை போனதுதான் என்றார் டாக்டர். ஞாபகப்படுத்தும் அழைப்பு நின்றதற்கு யார் பொறுப்பு என்று விசாரிப்பதாகவும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"பாவம், அந்தப் பொண்ணத் திட்டிடாதீங்க டாக்டர்."