ஆர்டிஸ் நம்பாத விவசாயி

ஆஸ்ட்பியில் சனிக்கிழமை காலை வானொலியைப் போடுகிறவர்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மக்காச்சோளத்தின் விலை. மற்றது, இந்த வாரம் ஆர்டிஸ் ஹோவ்லாண்ட் யாரை வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறாள் என்று கேட்பது.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் கிடக்கும் இந்த ஊரில், நாற்பது வயது வரை ஆர்டிஸ் அரசியல் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. அப்பா எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாரோ அதே கட்சிக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கோழிகளுக்குத் தீனி வைப்பாள். அவளை மாற்றியது ஒரு பள்ளம். அவர்களுடைய மேற்கு வயலில், பனி உருகும்போது தண்ணீர் தேங்குகிற சாதாரணப் பள்ளம். அவள் கணவன் டெல்மரின் அப்பா காலத்திலிருந்து அதை வடித்துவிட்டுத்தான் உழுதார்கள். ஒரு வசந்தத்தில் மத்திய அரசாங்கத்து அதிகாரி ஒருவர் புது பூட்ஸோடு வந்து கரையில் நின்றார். இது பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம், இனிமேல் வடிக்கக் கூடாது என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் ஆர்டிஸுக்குப் பொறுக்கவில்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் ஒருவன் இத்தனை பணிவாகப் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்கு மனதில் விழுந்த அந்தச் சந்தேகம் பிறகு போகவே இல்லை.

அன்று மாலையே உள்ளூர் வானொலிக்குத் தொலைபேசி போட்டாள். நிலையத்தின் சொந்தக்காரர் வெண்டல் புரோகாஸ்கா அவளை அப்படியே ஒலிபரப்பில் விட்டார். எங்கள் வயலில் வாத்து நீந்துகிறது என்று வாஷிங்டனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டதை ஊரே ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அடுத்த வாரமும் வரச் சொன்னார் வெண்டல். அது சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் என்று நிலைத்துவிட்டது.

நாட்டின் கடன், எல்லைக் காவல், எங்கோ கடல் தாண்டி நடக்கிற சண்டைகள், பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வாஷிங்டன் நீட்டுகிற மூக்கு என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினாள். படிப்பு அதிகம் இல்லை. அவளிடம் இருந்தது ஒரே கேள்வி: இதில் யாருக்கு லாபம்? எதிர்க்கட்சி ஆண்ட காலத்தில் அந்தக் கேள்விக்குக் கைதட்டல் கிடைத்தது. பிறகு அவளுடைய கட்சியே ஜெயித்தது. வெள்ளை மாளிகை, நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகள், எல்லாம். அவளும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாள், அதை மறைக்கவும் இல்லை. எல்லையில் கெடுபிடி வந்தபோது மனதாரப் பாராட்டினாள். ஆனால் செலவு மசோதா ஒன்று பன்றிக்குட்டி போலக் கொழுத்து வெளியே வந்ததும், அதே வாயால் கிழித்தாள். நம் ஆட்கள் மேலேயே பாய்கிறாயே என்று கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கு ஒலிபரப்பிலேயே பதில் சொன்னாள்.

“ஓட்டுதான் போட்டேன். வாயைத் தெச்சுக்கறேன்னு எழுதிக் குடுக்கல.”

குழாய் விவகாரம் வந்தது அந்த வருடம்தான். ஊர் எல்லையில் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து எரிபொருள் எடுக்கிற ஆலை இருக்கிறது. சுற்றுப்பட்டுப் பண்ணைகளின் சோளத்தில் பாதி அங்கேதான் போகும். அந்த ஆலை விடும் கரியமில வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் பிடித்து, நிலத்தடிக் குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்ப் பூமிக்குள் புதைக்க ஒரு கம்பெனி கிளம்பியது. புதைக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் வாஷிங்டன் வரிச்சலுகை தரும். நிலம் தர மறுப்பவர்களிடம் சட்டத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றும் கம்பெனி சொன்னது. ஆர்டிஸின் சொந்தக் கட்சிப் பெரிய மனிதர்களே அதற்குத் தலையாட்டினார்கள்.

அவள் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை அதைப் பற்றியே பேசினாள். சின்ன அரசாங்கம் வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள், அரசாங்கப் பணத்தில் ஓடும் ஒரு கம்பெனிக்காக அடுத்தவன் வேலியைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். வெண்டல் ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆலை அவருக்கு விளம்பரம் தருகிற இடம்.

நான்காவது வாரம், அவள் பேசி முடித்து வண்டியில் வீடு திரும்பும்போது, வானொலியில் வெண்டலின் குரல் மறுபடி கேட்டது. பெயர் சொல்ல விரும்பாத உள்ளூர் விவசாயி ஒருவரின் மறுமொழி என்று சொல்லி, எதையோ வாசித்தார். ஆர்டிஸ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. குழாய் வராமல் ஆலை மூடினால் சோளத்தை எங்கே கொட்டுவது என்று கேட்டது. கடற்கரை மாநிலங்கள் கரி குறைந்த எரிபொருளைத்தான் வாங்கும் என்றது. நடுவில், தேவாலயத்துக்கு மேற்கே உள்ள மண்சாலை ஏப்ரலில் முழுகிப்போவதைக்கூடச் சொன்னது. அது ஊர்க்காரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஆனால் முடிவில், ‘தேசத்தின் எரிசக்திப் பாதுகாப்பில் நாம் அனைவரும் பங்குதாரர்கள்’ என்று வந்தது.

“இந்த ஊர்ல எவன் அப்படிப் பேசுவான்?” என்று அவள் சாப்பாட்டு மேசையில் டெல்மரைக் கேட்டாள்.

டெல்மர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, அந்த மாதிரி பேசுகிறவனைத் தனக்குத் தெரியாது என்றான். அவள் விடவில்லை. விதை வியாபாரி சமீபத்தில் புது வண்டி வாங்கியிருக்கிறான். மாவட்டக் குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனனுக்குக் கம்பெனியில் வேலை. தேவாலயத்தின் புதுப் போதகர் மினியாபொலிஸ் பெருநகரத்திலிருந்து வந்தவர். அவரைச் சந்தேகிக்க அதுவே போதும்.

“என்னையும் சேத்துக்கோ” என்றான் டெல்மர்.

ஆர்டிஸ் அவனைத் தேவைக்குச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

திங்கட்கிழமை நேராக நிலையத்துக்குப் போனாள். வெண்டல் பெயரைச் சொல்ல மறுத்தார்.

“வாக்குக் குடுத்துட்டேன், ஆர்டிஸ். என்னைச் சங்கடப்படுத்தாதீங்க.”

“யாருக்கு? கம்பெனிக்காரனுக்கா?”

“விவசாயிக்கு” என்றார் வெண்டல். ஆனால் சொல்லும்போது அவர் பார்வை ஜன்னல் பக்கம் போனதை அவள் கவனித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பார்வையையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

அடுத்த வாரமும் மறுமொழி வந்தது, அதற்கடுத்த வாரமும். மூன்றாவதற்குள் அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் குனிந்து, நிதானமாகச் சொன்னாள்: இப்படி ஒரு விவசாயியே கிடையாது. ஐயோவாவில் இருக்கும் கம்பெனி அலுவலகத்தில், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவன் சம்பளத்துக்கு எழுதுகிறான். அவன் கையில் மண் பட்டதே இல்லை. இருக்கிறான் என்றால் வந்து முகத்தைக் காட்டட்டும்.

அன்று மத்தியானமே அவன் வந்தான்.

அவள் முற்றத்தில் லாரிக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்தாள். தெற்குப் பண்ணை ஓரின் ஸ்டென்ஸ்லாண்டின் வண்டி உள்ளே நுழைவதைப் பார்த்து, டெல்மரைத் தேடித்தான் வருகிறான் என்று நினைத்துக் கை காட்டினாள். டெல்மருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்த இலையுதிர் காலத்தில், தன் வயலை அப்படியே விட்டுவிட்டு முதலில் இவர்கள் சோயாவை அறுத்துக் கொடுத்தவன் ஓரின். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். இளவயதில் தானியம் ஏற்றும் இயந்திரத்தில் இடது கையின் இரண்டு விரல்களை இழந்தவன்.

வண்டியை விட்டு இறங்கியவன் பக்கத்தில் வந்து, அந்தக் கையை அவள் முன்னால் நீட்டினான்.

“மண் பட்டிருக்கா பாரு.”

டீசல் வழிந்து தரையில் ஓடியது. அவள் குழாயை நிறுத்தச் சற்று நேரம் பிடித்தது.

“நீயா?”

“நான்தான்.”

“அப்புறம் ஏன் ஒளிஞ்சுக்கிட்டே?”

“உன்னோட சண்டை போட எனக்கு விருப்பமில்ல. ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல உன் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கணும், அதான்” என்றான் ஓரின். “நீ ஐயோவாவுக்கு என்னை அனுப்பி வெச்சதுக்கப்புறம் வீட்டுல உக்காந்திருக்க முடியல.”

தன் பக்கத்தை அவன் அவசரமில்லாமல் சொன்னான். மூத்த மகன்கள் இருவரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவன் திரும்பி வந்து கலப்பையைப் பிடித்ததே ஆலை சோளத்துக்கு நல்ல விலை தருவதால்தான். ஆலை போனால் அவனும் போவான். அவளுடைய கொள்கை எல்லாம் சரிதான், தானும் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவதாகச் சொன்னான். பிறகு, குரலை உயர்த்தாமல், கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“வாஷிங்டன் காசு வேண்டாங்கறே. பயிர்க் காப்பீட்டுக்குப் பாதியை அவங்கதானே கட்டறாங்க? வறட்சி வருஷத்துல வாங்கினீங்களா, இல்லையா?”

“வாங்கினோம்” என்றாள் ஆர்டிஸ்.

அவளுக்குக் காது சுட்டது. இருந்தாலும் மனதில் ஒரு மூலை அடங்க மறுத்தது.

“பங்குதாரர்கள்னு எழுதினது நீயா, ஓரின்? உன் வாயில அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்ல.”

ஓரின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கம்பெனி ஆள் ஒருவன் வந்து கொஞ்சம் திருத்திக் கொடுத்தான் என்று ஒத்துக்கொண்டான். கருத்தெல்லாம் தன்னுடையதுதான், கோர்வையாக இருக்கட்டும் என்றுதான் விட்டதாகச் சொன்னான்.

“அப்போ நான் சொன்னதுல பாதி சரி.”

“நீ எப்பவுமே பாதி சரிதான், ஆர்டிஸ். உன்னோட மாரடிக்கறது அதனாலதான் கஷ்டம்.”

அவன் போன பிறகு அவள் சிந்திய டீசலின் மேல் மணலைப் போட்டுக் கூட்டினாள். வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, அது யார் மேல் என்றுதான் விளங்கவில்லை. கம்பெனி ஆள் ஓரினின் சமையலறையில் உட்கார்ந்து, அவன் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அவன் வார்த்தைகளை மாற்றுகிற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. பள்ளத்துக் கரையில் நின்ற அதிகாரியைவிட அது அவளுக்கு மோசமாகப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினாள். அந்த விவசாயி நிஜமானவர், எனக்குத் தெரிந்தவர், என்னைவிட நல்ல உழைப்பாளி. அவரைப் பற்றி நான் சொன்னது தவறு என்றாள். காப்பீட்டுப் பணம் வாங்கியதையும் சொன்னாள். அவர் குழாயைப் பற்றிச் சொல்வதுதான் தப்பு என்றும் சேர்த்துக்கொண்டாள். இனிமேல் எந்த மறுமொழி வந்தாலும் அதைத் திருத்தியது யார் என்பதையும் நிலையம் வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்டல் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

குழாய் எந்த வழியாகப் போகலாம் என்று முடிவெடுக்க மாவட்டக் குழு கூட்டிய கூட்டத்துக்கு ஊரில் பாதி வந்திருந்தது. ஓரின் தன் பெயரைச் சொல்லி, தன் சொந்த வார்த்தையில், தடுமாறித் தடுமாறிக் குழாய்க்கு ஆதரவாகப் பேசினான். ஆர்டிஸ் எதிர்த்துப் பேசினாள். வீடுகளிலிருந்து குழாய் வெகுதூரம் தள்ளித்தான் போக வேண்டும் என்று குழு ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முடிவெடுத்தது. நீதிமன்றம் போவோம் என்றது கம்பெனி. வெளியே வரும்போது யாரும் யாரையும் திட்டவில்லை. ஓரினின் மனைவி மட்டும் ஆர்டிஸைத் தாண்டிப் போகும்போது கைப்பையில் எதையோ தேடினாள்.

கோடைகாலத்தில் வெண்டல் கூப்பிட்டு, நிகழ்ச்சிகளையெல்லாம் மாற்றி அடுக்குகிறோம், உங்கள் பத்து நிமிடம் ஞாயிறு விடியற்காலைக்குப் போகிறது என்றார். ஞாயிறு விடியலில் இந்த ஊரில் மாடுகள் தவிர யார் கேட்கப்போகிறார்கள் என்று அவள் கேட்டாள். விளம்பரக்காரர்கள் யாராவது சொன்னார்களா என்றும் கேட்டாள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார் வெண்டல். இருக்கலாம், மனிதன் பொய் சொல்கிறவன் இல்லை என்றான் டெல்மர். ஆர்டிஸ் ஒப்புக்கொள்ளவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. ஞாயிறு விடியலில் எழுந்து போய்ப் பேசினாள்.

அறுவடைக்கு முன்னால், குழாய் போகும் வழியை அளவெடுக்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஓரின் அனுமதி கொடுத்திருந்தான். அவன் வயலின் குறுக்கே ஆரஞ்சு நிறக் கொடிகள் வரிசையாக நின்றன. ஒரு காலை வேலியோரம் போன ஆர்டிஸ், அந்த வரிசை வேலியோடு நிற்காமல் தங்கள் சோயாவுக்குள்ளும் வந்திருப்பதைப் பார்த்தாள். பிடுங்கவில்லை. ஓரினைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து பார்த்தான். காற்று தூக்கிப் போட்டிருக்கும் என்றான்.

“காத்து குழி தோண்டி நடுமா?”

ஓரின் குனிந்து கொடியின் கம்பை அசைத்துப் பார்த்தான். ஆழமாக நட்டிருந்தது. அடுத்ததற்கு நடந்து போய் அதையும் அசைத்தான். திரும்பி வரும்போது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கம்பெனிக்கு அவனே பேசினான். வேலிக்கு இருபுறமும் இருவரும் நிற்க, கைப்பேசியில் வெகுநேரம் இசை ஓடியது.

கடைசியில் ஒரு பெண் இணைப்பில் வந்து, அளவெடுத்தவர்களின் கவனக்குறைவு, மிகவும் வருந்துகிறோம், நாளைக்கே எடுத்துவிடுவோம் என்றாள். சொன்னபடி எடுத்தும் விட்டார்கள். ஓரின் அதை நம்பினான், அல்லது நம்புவதாகச் சொன்னான். ஆர்டிஸ் நம்பவில்லை. ஆனால் அந்த ஞாயிறு தேவாலயத்தில் காப்பி ஊற்றும்போது ஓரின் தன் கோப்பையோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை யாராவது தெரிந்த வக்கீல் படித்துப் பார்த்தால் நல்லது என்று நினைக்கிறேன், உனக்கு யாரையாவது தெரியுமா என்று மெதுவாகக் கேட்டான்.